சங்கத்திற்குப் பழைய ஜீப்பு வாங்குமுன்

சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் உழவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நுகத்தில் பூட்டி நாலடி நடத்தியும் பார்ப்பார். நூல் வாங்கும் நெசவாளர் ஒரு சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார். இத்துணைக் கருத்துடைய நம்மவர்கள், பழைய மோட்டார் வண்டி வாங்கும்போது மட்டும் மேற்பூச்சின் பளபளப்பையும் மீட்டர் காட்டும் எண்ணையும் நம்பி முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். விலை கொடுத்து வாங்கும் வண்டியைப் பார்க்காமல் விடுவது எவ்விதத்திலும் பொருந்தாது.

மலையடிவாரத்திலும் மலைமீதும் இயங்கும் சங்கங்களுக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஆடம்பரமன்று. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஜீப்புகளிலேயே சென்று வருகின்றனர். மழைக்காலத்தில் விளைபொருளை இறக்கவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் அதுவே துணை. புது வண்டியின் விலை பல சங்கங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி, 2000-இல் வெளிவந்த மஹிந்திரா பொலேரோ, 2010-இல் வெளிவந்த தார், இவற்றிற்கும் முற்பட்ட ஜீப்புகள் ஆகியவற்றில் நன்றாக ஓடித் தேய்ந்தவையே நம் கைக்கு எட்டுகின்றன. பொலேரோவில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை; பெயரைக் கேட்டு ஏமாறாமல், முன் ஆக்ஸிலுக்கு ஷாப்ட் செல்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

ஓடிய தூரம்

ஒரு வண்டி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் 15 ஆண்டில் 2,25,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அத்தூரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேளை தவறாமல் எண்ணெய் மாற்றி, சமவெளிச் சாலையில் 2,00,000 ஓடிய வண்டி, கவனிப்பாரின்றிச் சேற்றில் 80,000 ஓடிய வண்டியைவிட மேலானதாக இருத்தல் கூடும். அன்றியும், மீட்டரின் எண் திருத்தத் தக்கது. பழைய ஐந்திலக்க மீட்டர் 99,999-ஐக் கடந்ததும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆகவே கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தையும், பழுதுபார்த்த ரசீதுகளையும் மீட்டரோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றிருப்பின் அது 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ‘புது டயர்’ என்ற சொல்லை அந்த எண்ணே சோதித்துவிடும்.

நான்கு சக்கர இயக்கம்

இவ்வகை வண்டியில் கியர்ப் பெட்டியை அடுத்து ‘டிரான்ஸ்பர் கேஸ்’ என்னும் இன்னொரு பெட்டி உண்டு. யந்திரத்தின் விசையைப் பின் ஆக்ஸிலுக்கு மட்டுமோ, முன்னும் பின்னும் சேர்த்தோ அனுப்புவது அதுவே. ஏற்றத்திலும் இறக்கத்திலும் பயன்படும் மெதுவான கியரும் அதனுள் இருக்கிறது. நாம் கூறும் வண்டிகளில் இவ்வியக்கத்தை ஈரமற்ற தார்ச்சாலையில் பூட்டி ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு தூரம் உருள்வதால், இடைப்பட்ட பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். அறியாமல் அவ்வாறு ஓட்டியவர் வண்டி வெளியே அழகாக இருப்பினும் உள்ளே நைந்திருக்கும். பல ஆண்டுகள் அதைப் பூட்டாமலே விட்டவரின் வண்டியில் லிவர் இறுகிக் கிடக்கும். இரண்டும் கேடே.

சோதனை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தரையை விட்டு எழுப்புக. யந்திரம் நின்றிருக்க வேண்டும். வண்டியின் அடியில் எவரும் இருத்தலாகாது. லிவர் இரு சக்கர நிலையில் இருக்கும்போது அச்சக்கரம் கையால் தள்ளத் தடையின்றிச் சுற்ற வேண்டும். லிவரை நான்கு சக்கர நிலைக்கு மாற்றி, பூட்டும் ஹப் உள்ள வண்டியாயின் அதையும் பூட்டிய பின்னர், அது சிறிதளவே அசைந்து நின்றுவிட வேண்டும். நில்லாமல் சுற்றினால் முன் இயக்கம் வேலை செய்யவில்லை என்று பொருள். அசைவு மிகுதியாயின் பற்சக்கரங்களும் ஷாப்டின் கிராஸ்களும் தேய்ந்துள்ளன என்று அறியலாம்.

அடுத்து, மண்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெதுவான கியரில் இறக்கத்தில் இறங்கும்போது லிவர் தானாகத் துள்ளி விலகுகிறதா என்பதே இச்சோதனைகளுள் தலையாயது. அது விலகி நியூட்ரலில் விழுந்தால் யந்திரத்தின் பிடி அற்றுப்போய், பாரம் முழுவதும் கால் பிரேக்கின்மேல் விழும். பத்துப்பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டிக்கு மலைச்சரிவில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. இக்குறை கண்ட வண்டியை, முழுப் பழுதும் நீங்கினாலன்றி, எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

அடிப்பாகமும் யந்திரமும்

துணியின் குறையைக் காணப் புறத்தைத் திருப்புவது போல, வண்டியின் குறையைக் காண அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸில் ஸ்பிரிங் பட்டைகள் சேருமிடங்களிலும், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடத்திலும் வெடிப்பும் புது வெல்டிங்கும் உண்டா என்று காண்க. அண்மையில் பூசிய கறுப்புச் சாயம் துருவை மறைக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், துருவேறியது மந்தமாக ஒலிக்கும். உடைந்த பட்டை, தளர்ந்த யு போல்ட், ஒருபக்கம் தாழ்ந்த நிலை ஆகியவை அதிகப் பாரம் ஏற்றியதற்குச் சான்று. ஆக்ஸிலின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஓடையைக் கடக்கையில் நீர் புகுந்திருக்கிறது. நான்கு டயர்களும் ஒரே அளவாகவும், ஏறத்தாழ ஒரே தேய்மானமாகவும் இருத்தல் அவசியம். இன்றேல் நான்கு சக்கர இயக்கம் பூட்டியவுடன் பற்சக்கரங்கள் நெருக்குண்ணும்.

யந்திரத்தைக் காலையில், குளிர்ந்திருக்கும்போதே கிளப்ப வேண்டும். நாம் செல்வதற்கு முன்பே சூடாக்கி வைத்திருப்பின் அதற்கொரு காரணம் இருக்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியாலோ காற்று வடிகட்டி அடைபட்டதாலோ வருவது. சூடான பின்னும் நீங்காத வெண்புகை, நீர் உள்ளே கசிவதைக் குறித்தல் கூடும். யந்திரம் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டு வலுவாக வெளியேறுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ரேடியேட்டரை ஆறிய பின்னரே திறக்க வேண்டும். நீரில் எண்ணெய் படலம் இருப்பின் அவ்வண்டியை விட்டு விலகுவதே நலம்.

ஆவணங்கள்

சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் என்ஜினை மாற்றுவது வழக்கம். அம்மாற்றம் பதிவாகாவிடில் தொல்லை வாங்கியவரையே சேரும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கடன் பேரில் வாங்கிய வண்டியாயின் கடன் தீர்ந்த சான்றும், வெளிமாநில வண்டியாயின் தடையின்மைச் சான்றும் இன்றியமையாதவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கும், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்றத்திற்கும் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. பெயர் மாறாத வண்டியால் விபத்து நேர்ந்தால் பதிவுப் புத்தகத்தில் உள்ளவரே நஷ்டஈட்டிற்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சங்கம் தன் பழைய வண்டியை விற்கும்போதும் இதை மறக்கலாகாது.

பணமும் பொறுப்பும்

3,00,000 ரூபாய் ஒதுக்க இயன்ற சங்கம் 2,40,000-க்கு மேற்பட்ட வண்டியை நாடலாகாது என்பது நமது கருத்து. மிச்சமுள்ள 60,000 ரூபாய் எல்லாப் பெட்டிகளின் எண்ணெயையும் மாற்றவும், பிரேக்கைப் புதுப்பிக்கவும், டயர் வாங்கவும், இன்ஷூரன்ஸ் செலுத்தவும் வேண்டியிருக்கும். முழுத்தொகையையும் விலையாகக் கொடுத்துவிட்ட சங்கத்தின் வண்டி முதற் பழுதிலேயே கொட்டகையில் நின்றுவிடும்.

தலைவரோ காரியதரிசியோ தனியே சென்று வண்டியை முடிவு செய்வது நன்றன்று. நிர்வாகக் குழுவினர் இருவர், வண்டியை ஓட்டப்போகும் ஓட்டுநர், விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக் ஆகிய நால்வரும் சேர்ந்து பார்க்கட்டும். கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, தீர்மானப் புத்தகத்தோடு வைக்கட்டும். பணத்தைப் பாங்கி மூலமே செலுத்தி ரசீது பெறட்டும். விலையில் பேரம் பேசவும், பின்னாளில் மகாசபையில் விளக்கம் கூறவும் அத்தாளே போதும்.

பஞ்சாயத்து ரேடியோ பழுதானால் ஒரு நாள் பாட்டு நின்றுபோகும். மலைப்பாதையில் ஜீப்பு பழுதானால் போவது உயிர். அங்கத்தினர் பங்குப்பணத்தில் வாங்கும் வண்டியில் அங்கத்தினரின் பிள்ளைகளே ஏறப்போகிறார்கள். அரைநாள் செலவிட்டு அடியில் படுத்துப் பார்ப்பதற்கு ஒருவரும் தயங்க வேண்டாம்.