விட்டம் போனது, உறி திரும்புகிறது

கான்கிரீட் கூரை வந்த பிறகு தமிழ் வீடுகளை விட்டு யாரும் கவனிக்காமல் வெளியேறிய பொருள் உறி. ஓட்டு வீட்டில் விட்டம் இருந்தது. விட்டத்தில் கயிற்றைப் போட்டால் எதையும் தொங்கவிடலாம். தயிர்ப்பானை, வெண்ணெய்ச் சட்டி, ராத்திரி மிஞ்சிய குழம்பு என்று பூனைக்கும் எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலே ஏறிவிடும். வழவழவென்று பூசிய தளத்தில் மின்விசிறிக் கொக்கியைத் தவிர வேறு பிடிமானம் பெரும்பாலும் கிடையாது. பாலும் தயிரும் பிரிட்ஜுக்குள் போய்ச் சேர்ந்தன. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அங்கே இடமில்லை. காற்று வேண்டும் அவற்றுக்கு. அதனால் சமையலறை மூலையில் பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்து, அடியில் இருப்பது வேர்த்து அழுகி, வாடை வந்த பிறகுதான் தெரிகிறது.

இப்படி இடம் நெருங்கிப்போன ஊருக்கு அவனியாபுரம் ஓர் உதாரணம். 2011-ல் அது மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊருக்கு வெளியே பெயர் வாங்கித் தந்தது தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான். ஊருக்குள் அன்றாடம் நடந்துகொண்டிருப்பது வேறு: வயலும் தோப்பும் மனையாகி, சின்ன மனையில் மாடிமேல் மாடி ஏறுகிறது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் அடுப்படி. இந்த வீடுகளில் தரை தீர்ந்துவிட்டது. சுவரை அலமாரியும் டிவியும் எடுத்துக்கொண்டன. மிச்சமிருப்பது தலைக்கு மேலுள்ள வெற்றிடம் ஒன்றுதான். கொக்கி ஊசியால் நூலைப் பின்னித் தொங்கவிடும் குரோஷா கூடை இந்த வெற்றிடத்துக்குப் பொருத்தமான பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அழகுக்காக அல்ல, இடத்துக்காக.

மதுரைக்கு இது புதிதும் அல்ல. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பழைய மதுரையை இரவு பகலாகச் சுற்றிக் காட்டும் 782 அடிப் பாட்டு. அதில் சமணப் பள்ளியைக் காட்டும் இடத்தில், வாய் குறுகிய நீர்க் குண்டிகைகள் பல புரி கொண்ட நூல் உறிகளில் தொங்குவதைச் சொல்கிறார். கோட்டையும் கொடியும் கடைவீதியும் பாட வந்த புலவர், ஓர் உறியின் புரிகளை நின்று பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அவனியாபுரத்திலிருந்து மேற்கே இருக்கும் திருப்பரங்குன்றம் மலையில் சமணர் படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். சிலப்பதிகாரத்திலும், கோவலன் கொலையுண்டபோது மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் தோன்றிய தீய குறிகளில் ஒன்று, உறியிலிருந்த வெண்ணெய் உருகாமல் நின்றது. வீட்டில் எந்நேரமும் கண்ணில் படுகிற பொருளாக உறி இருந்ததால்தான் இளங்கோவடிகள் அதைக் குறியாக வைக்க முடிந்தது.

எங்கள் அப்பத்தா வீட்டு உறி தென்னங்கயிற்றில் கட்டியது. சின்ன வயதில் அதைப் பார்த்தபோது பானையைச் சுற்றிய வலை என்றே நினைத்தேன். இப்போது கூடை பின்னும்போதுதான் அதன் நுணுக்கம் புரிகிறது. பானையின் பாரம் முழுவதும் அடியிலிருக்கும் பிரிமணையில் இறங்கும். அங்கிருந்து மூன்று அல்லது நான்கு கயிறுகள் நேராக மேலே ஏறி ஒரே முடிச்சில் சேரும். பானையின் கழுத்துக்கு எந்த வேலையும் இல்லை. பக்கக் கயிறுகள் பானை சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடியைத் தாங்கு, விளிம்பை விடு என்பதே உறி கட்டியவர்களின் கணக்கு.

குரோஷா கூடை பின்னுகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்தக் கணக்கில்தான். பருத்தி நூல் பாரம் தாங்கும், பின்னல் இழுபடும். குரோஷாவில் நூல் வளையத்துக்குள் வளையமாக ஓடுகிறது. பாரம் ஏறியதும் ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் நீளும். விளிம்பில் இரண்டு கைப்பிடி தைத்து இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தைப் போட்டால், மறுநாள் கூடை நன்றாகவே இறங்கியிருக்கும். கைப்பிடி தைத்த இடம் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கும், விளிம்பு கோணும். இதற்கு வழி உறியில் இருக்கிறது. கைப்பிடி ஒரே நீள நாடாவாக இருக்க வேண்டும். கூடையின் ஒரு பக்கமாக இறங்கி, அடிவட்டத்தின் கீழே ஓடி, மறுபக்கம் ஏற வேண்டும். அப்படி இரண்டு நாடாக்கள் அடியில் குறுக்கே சந்தித்தால் பாரம் முழுவதும் நாடாவுக்குப் போகும், கூடைக்கு உடலை வளைத்துப் பிடித்திருக்கும் வேலை மட்டும் மிஞ்சும். நாடாவையும் வெறும் நூலில் போடாமல், உள்ளே ஒரு பருத்திக் கயிற்றை வைத்து அதன் மேலேயே சிங்கிள் குரோஷா என்ற நெருக்கமான அடிப்படைப் பின்னலைப் போட்டுக்கொண்டு போனால் நாடா அதிகம் நீளாது.

அடிவட்டத்தில் ஆரம்பிப்போம். முதல் சுற்றில் ஒரு வளையத்துக்குள் ஆறு சிங்கிள் குரோஷா. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு, ஆகப் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு, இருபத்து நான்கு, முப்பது. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, கண்ணுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் சுவர் தானாக எழும்பும். கூட்டுவது குறைந்தால் வட்டம் கிண்ணமாகக் குவியும், அதிகமானால் ஓரம் அலையலையாக நெளியும். இந்த நெளிவை வைத்துத்தான் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை, ஹைபர்பாலிக் தளம் என்று கணக்கில் சொல்லப்படும் வளைபரப்பை 1997-ல் கையால் தொட்டுப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதுவரை அந்தப் பரப்பை மாணவர்களுக்குக் கையில் கொடுத்து விளக்குவது பெரும்பாடாக இருந்தது.

அடியும் கீழ்ச்சுவரும் நெருக்கமான சிங்கிள் குரோஷாவாக இருக்கட்டும், பூண்டுப் பல் நழுவாது. நாலு விரல் உயரத்துக்கு மேல் செயின் என்ற சங்கிலிப் பின்னல் போட்டு இடைவெளி விட்டுப் பின்னலாம், காற்று வரும், நூலும் மிச்சம். ஒயர் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் என்ற பின்னல்களைப் போட்ட கைகள் மதுரை வட்டாரத்தில் ஏராளம். அந்தக் கைகளுக்குக் குரோஷா ஊசி பிடிபட அதிக நாள் ஆகாது. கண் எண்ணும் பழக்கமும் இழுவிசை ஒரே சீராக வைக்கும் பழக்கமும் அங்கே முன்பே வந்துவிட்டன.

நூலுக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1890-களில் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டித் தொடங்கிய மதுரா மில்ஸ் நூற்பாலைதான் ஊர் வாயில் ஆர்வி மில் ஆனது. அதன் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு ஹார்விபட்டி, திருப்பரங்குன்றத்தை ஒட்டி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தையல் நூல் நிறுவனமான கோட்ஸ், 1970-களில் மதுரா மில்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. தமிழ்நாட்டில் தையல் சாமான் கடைகளில் ஆங்கர் என்ற நங்கூரச் சின்னத்தோடு விற்ற எம்பிராய்டரி நூலும் குரோஷா நூல் உருண்டையும் அந்த நிறுவனத்துடையவை. மில் சங்கொலிக்கு எழுந்து போன குடும்பங்கள் வாழும் ஊர் இது. நூல் மதுரைக்கு வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்குச் சாமான் அல்ல.

மெல்லிய குரோஷா நூல் மேசை விரிப்புக்கு நல்லது, பாரம் தூக்கும் கூடைக்கு இரண்டு மூன்று இழை சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கும். கூடைக்கு எனக்குப் பிடித்தது பனியன் துணி நூல். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை நீள நாடாவாக்கி உருண்டையாக விற்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாம். பழைய டீ-சர்ட்டைக் கைக்குக் கீழே குறுக்கே வெட்டி, ஓர் அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி அறுபடாமல் வெட்டிக்கொண்டே வந்து, நாடாவை ஒரு இழு இழுத்தால் ஓரங்கள் உள்ளே சுருண்டு பருமனான நூலாகிவிடும். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் ஊசி போதும், ஒரு கூடை வேகமாக எழும்பும். அவனியாபுரத்துக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதுரை முழுவதன் குப்பையும் வந்து விழும் வெள்ளைக்கல் கிடங்கு அவர்கள் வாசல் பக்கம்தான் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. துணிக் குப்பையைப் பற்றி இன்னும் அந்த அளவு பேச்சு எழவில்லை. கிழிந்த டீ-சர்ட் ஒவ்வொன்றும் வெள்ளைக்கல்லுக்குப் போகாமல் அடுப்படியில் தொங்கினால் அந்த ஊர்க் காற்றுக்கு அந்த அளவுக்கு நல்லது.

அக்ரிலிக் கம்பளி நூல் விலை மலிவு, நிறமும் பளிச். ஆனால் சூடு பட்டால் உருகும். அடுப்படிக்கு அது வேண்டாம். பருத்தியானாலும் அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தீ பயம் ஒரு பக்கம், எண்ணெய்ப் பிசுக்கு இன்னொரு பக்கம்.

எதில் மாட்டுவது என்பதுதான் வாடகை வீட்டுக்காரர்களின் முதல் கேள்வி. துளை போட வீட்டுக்காரர் விட மாட்டார். ஜன்னல் கம்பியில் எஸ் வடிவக் கொக்கி போட்டு மாட்டலாம், வெயில் நேராக அடிக்காத ஜன்னலாகப் பார்த்து. இன்னொன்று நம் வீடுகளில் அருமையாக இருக்கிறது: தொட்டில் கொக்கி. பிள்ளைக்குத் தூளி கட்ட உத்திரத்திலோ தளத்திலோ போட்ட கொக்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வருஷக்கணக்காகச் சும்மா இருக்கிறது. அசைந்தாடும் குழந்தையைத் தாங்கிய இரும்பு அது, மூன்றடுக்குக் கூடையைத் தாராளமாகத் தாங்கும். மேலடுக்கில் கனம் குறைந்த பூண்டு, காய்ந்த மிளகாய். நடுவில் எலுமிச்சை, தேங்காய் மூடிபோல அன்றாடம் எடுப்பவை. கீழடுக்கில், கை எட்டும் உயரத்தில், வெங்காயம். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு சேர்க்காதீர்கள், சீக்கிரம் முளைவிடும். அதற்கு வெளிச்சமும் ஆகாது, இருட்டான மூலையில் தனிக் கூடை போடுங்கள். அடுப்படியில் மட்டும்தான் என்றில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் சோப்பு, படிக்கிற பிள்ளையின் மேசைக்கு மேலே பென்சில் சாமான், வாசலில் சாவி என்று எங்கும் தொங்கலாம்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம்.

குரோஷா, பல இடங்களில் ஏழைப் பெண்களின் கூலி வேலையாகப் பரவிய கைவேலை. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பல குடும்பங்கள் குரோஷா லேஸ் பின்னி விற்றுத்தான் உயிர் பிழைத்தன. ஆந்திராவின் நரசாபுரத்தில் மிஷனரிகள் மூலம் 19-ஆம் நூற்றாண்டில் நுழைந்த அதே வேலை இன்றும் நடக்கிறது, 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசாபுரத்துப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் 1982-ல் வெளியிட்ட நூல் இந்தத் தொழிலின் வலியைத் தொட்டுக் காட்டியது. உலகச் சந்தைக்குச் சரக்கு தயாரித்த அந்தப் பெண்களைத் தொழிலாளிகளாக யாரும் எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைத்தார்கள். குரோஷா பின்னலை அப்படியே போட்டுத் தள்ளும் இயந்திரம் ஆலைகளில் இன்னும் புழக்கத்தில் இல்லை. கடையில் பார்க்கும் ஒவ்வொரு குரோஷாப் பொருளுக்கும் பின்னால் ஒரு ஜோடிக் கை இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. சாதனைக்குக் கைதட்டிய நாம், அதே கைகள் பின்னிய கூடையை வாங்கும்போது எப்படிப் பேசுகிறோம்? "என்னக்கா, ரெண்டு உருண்டை நூலுதானே, இதுக்குப் போயி ஐந்நூறா?" இந்தப் பேச்சைக் கண்காட்சிகளில் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. பின்னுகிறவரும் கூச்சத்தோடு, "சும்மா டிவி பாக்குறப்ப போட்டதுதான், முந்நூறு குடுங்க" என்று இறங்கிவிடுகிறார்.

கணக்கைப் பார்ப்போம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அடி நாடாவோடு, பூண்டு நழுவாத நெருக்கத்தில் நல்ல பருத்தி நூலில் பின்னிய நடுத்தரக் கூடைக்கு ஒரு முழு நாள் வேலை போகும். குறைந்தபட்சம் அந்த 336, அதோடு நூல் விலை, கயிறு, கொக்கி. ஐந்நூறு ரூபாய் கேட்டால் அதில் கொள்ளை எதுவும் இல்லை, பெரும்பாலும் குறைவாகத்தான் கேட்டிருப்பார். மகளிர் குழுக்கள் விலைச் சீட்டு எழுதும்போது நூலின் விலையைத் தனியாகவும் பின்னிய மணிநேரத்தைத் தனியாகவும் இரண்டு வரியில் எழுதிக் கூடையிலேயே கட்டிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பேரம் பேச நினைப்பவர் முதலில் அந்த இரண்டாவது வரியைப் படிக்கட்டும். இது பொழுதுபோக்குதான் என்று பின்னுகிறவர் தாமே சொல்லிக்கொள்வதையும் அன்றோடு நிறுத்தலாம்.