ஊரடங்கும் ஆட்டிசமும்: அடுத்த முறையாவது தயாராக இருப்போமா?

2020 ஏப்ரலில், ஊரடங்கின் உச்சத்தில், லூதியானாவிலிருந்து மும்பைக்குப் போன ஒரு பார்சல் ரயில் தனக்கு நிறுத்தமே இல்லாத ஃபால்னா நிலையத்தில் நின்றது. ராஜஸ்தானில் இருக்கும் ஊர் அது. அங்கே ரயிலில் ஏறியது 20 லிட்டர் ஒட்டகப் பால். மும்பையில் ஆட்டிசம் உள்ள மூன்றரை வயதுக் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை; ஒட்டகப் பாலையும் கொஞ்சம் பருப்பையும் வைத்துத்தான் உயிர் வாழ்ந்தது. தாய் பிரதமருக்கு ட்விட்டரில் முறையிட்டார். ஒடிசாவின் ஐபிஎஸ் அதிகாரி அருண் போத்ரா அதைக் கவனித்து நாலு பேரிடம் சொல்ல, ரயில்வே ரயிலை நிறுத்தியது.

செய்தியைப் படித்து நாடே நெகிழ்ந்தது. ட்விட்டர் கணக்கு இல்லாத தாய் என்ன செய்திருப்பார் என்று கேட்டவர்கள் குறைவு. (ஒட்டகப் பால் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம், அதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை. அந்தக் குழந்தைக்கு அது பசியாற்றும் உணவு, அவ்வளவுதான்.)

ஆட்டிசம் தொற்றுவதும் இல்லை, மாத்திரையில் தீர்வதும் இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பேச்சு, பழகும் முறை, சத்தத்தையும் தொடுதலையும் உணரும் விதம் எல்லாம் மாறியிருக்கும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு நாள் ஒரே ஒழுங்கில் நகர வேண்டும். எட்டரைக்கு வேன், பிறகு பள்ளி, மாலையில் தெரபி, சனிக்கிழமை கடற்கரை. அந்த ஒழுங்கு 2020 மார்ச்சில் ஒரே வாரத்தில் குலைந்தது. சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் "கொரோனாடா கண்ணா, வேன் வராது" என்றால் என்ன புரியும்? கண்ணுக்குத் தெரியாத கிருமிக்காக வேன் ஏன் நிற்க வேண்டும்? தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான்.

தூக்கம் கெட்டது. சிலர் தங்களையே அடித்துக்கொண்டார்கள், கடித்துக்கொண்டார்கள். அடுக்குமாடியில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "பையனைக் கொஞ்சம் அடக்கி வைங்கம்மா" என்று குரல் வரும். இதற்கு நேர்மாறாக, பள்ளியின் இரைச்சலும் கேலியும் இல்லாததால் வீட்டில் நிம்மதியாக இருந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கஷ்டம் பள்ளி திறந்த பிறகு வந்தது.

வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளின் இந்தத் தவிப்பைச் சில நாடுகள் சீக்கிரம் புரிந்துகொண்டன. ஸ்பெயின் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே ஆட்டிசம் உள்ளவர்கள் வெளியே நடக்க அனுமதி தந்தது. ஆனால் அப்படி நடந்தவர்களைப் பால்கனிகளில் நின்றவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அடையாளத்துக்கு நீலத் துணி கட்டிக்கொள்ளலாம் என்று சில குடும்பங்கள் சொல்ல, பிள்ளைக்கு முத்திரை குத்துவதா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். இங்கிலாந்தில் நாளுக்கு ஒரு முறைதான் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றிருந்த வழிகாட்டுதல், சட்ட நடவடிக்கைக்குப் பிறகு ஏப்ரல் 8-ல் இவர்களுக்காகத் தளர்ந்தது.

வீட்டுக்குள் உதவியவை பெரிய செலவில்லாதவை. நாளின் வேலைகளைப் படமாக வெட்டி அடுக்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றுவது ஒரு வழி. பேசாத பிள்ளைக்கும் அடுத்தது என்ன என்று தெரிந்துவிடும். போகாத பள்ளிக்குப் பதில் அதே நேரத்தில் வேறு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நேரம் காலியாக இருந்தால் பதற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முகக்கவசம் தனிப் பாடம். முதல் நாள் கையில் பிடித்தால் போதும். அடுத்து அப்பா போட்டுக்கொள்வார், பொம்மைக்கும் போடலாம். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஐந்து எண்ணி, எடுத்துவிட்டுப் பிடித்ததைக் கொடுக்கலாம். காதில் நாடா உறுத்தினால் தலைக்குப் பின்னால் கட்டும் வகை இருக்கிறது. எவ்வளவு பழக்கியும் முடியாவிட்டால் விட்டுவிடலாம்: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்: என்ன சாப்பிடுவான், வலித்தால் எப்படிக் காட்டுவான், எதைக் கண்டால் மிரளுவான், எது அமைதிப்படுத்தும். முழுக்கவச உடையில் முகம் தெரியாமல் வரும் செவிலியருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளையென்றால் மருந்து தீர்ந்துபோக விடவே கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து.

தாயைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. ஆசிரியர், தெரபிஸ்ட், ஆயா ஆகிய மூவரின் வேலையும் அவர் தலையில் விழுந்தது. தெரபிஸ்ட் வாட்ஸ்அப் வீடியோவில் சொல்லச் சொல்ல, ஒரு கையில் போனும் மறு கையில் பிள்ளையுமாகப் பயிற்சி கொடுத்தார். அவருக்கு முதலில் தேவை தொடர்ந்து நாலு மணி நேரத் தூக்கம். உறவினர் செய்யக்கூடிய உருப்படியான உதவி, பிள்ளையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்வது; அறிவுரையை வைத்துக்கொள்ளலாம்.

தாளில் நம் அரசும் குறை வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்பாளர்களுக்கு ஊரடங்கில் விலக்கு அல்லது எளிதாகப் பாஸ் தர வேண்டும் என்று மத்திய அரசு 2020 மார்ச் இறுதியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. சோதனைச் சாவடியில் லத்தியோடு நிற்பவர் வரை அது போய்ச் சேர்ந்தால்தான் பயன்.

அடுத்து வருவது கிருமியோ வெள்ளமோ, சட்டம் இப்போதே கையில் இருக்கிறது. ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 8-ல், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதன் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துக் கேளுங்கள்.