கிரெடிட் என்றால் நம்பிக்கை

'இன்று ரொக்கம், நாளை கடன்', 'கடன் அன்பை முறிக்கும்' என்ற இரண்டு அறிவிப்புகளை என் சிறுவயதில் மதுரை மளிகைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்த அறிவிப்புப் பலகைகளின் கீழே அமர்ந்திருந்த கடைக்காரரின் மேசையில் பற்று வரவு நோட்டும் இருந்தது. மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் அதில் பதிவாயின; என் தந்தை சம்பளம் வாங்கிய நாளில் கணக்கு தீர்ந்தது. பத்திரமும் இல்லை, ஈடும் இல்லை. 'கிரெடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை மாணவர்களுக்கு விளக்க அந்த நோட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இச்சொல்லின் வேர், 'கிரெடெரே' என்ற லத்தீன் வினைச்சொல். நம்புதல், நம்பி ஒப்படைத்தல் என்பது அதன் பொருள். சமயக் கோட்பாட்டைக் குறிக்கும் 'கிரீட்', நம்ப முடியாதது என்னும் 'இன்கிரெடிபிள்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையே. இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் 'கிரெடிட்' ஆங்கிலத்துக்கு வந்தது.

இதன் எதிர்ச்சொல் என்ன என்று வகுப்பில் கேட்பேன். கணக்கியல் படித்தவர்கள் 'டெபிட்' என்பார்கள். கடைத்தெரு அறிந்தவர்கள் 'ரொக்கம்' என்பார்கள். ஒரு செயலுக்கான பாராட்டையும் 'கிரெடிட்' என்பதால், 'பழி' என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றும் சரியே, இடத்துக்கேற்ப எதிர்ச்சொல் மாறுகிறது.

வங்கியில் நாம் பணம் செலுத்தினால் அது நம் கணக்கில் 'கிரெடிட்' என ஏன் பதிவாகிறது என்று பலர் குழம்புவதுண்டு. அது வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதும் கணக்கு. நாம் வங்கியை நம்பிப் பணத்தை ஒப்படைத்திருக்கிறோம். வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. சொல்லின் மூலப்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 'கடன்' என்பது திருப்பித் தர வேண்டிய பணத்தையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'டெப்ட்', கடமையைக் குறிக்கும் 'டியூட்டி' ஆகிய இரண்டும் 'டெபெரே' என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தொலைதூர மொழிகள் இரண்டும் கடனைப் பணமாக மட்டும் பார்க்கவில்லை.

அகராதியின்படி 'கிரெடிட்' என்பதன் முதல் எதிர்ச்சொல் 'அவநம்பிக்கை'யாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பில் அதை யாரும் சொன்னதில்லை. சந்தையில் அதற்கு விலையே உண்டு. காலையில் 900 ரூபாய் வாங்கி, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தரும் சிறுவியாபாரிகளை நம் ஊர்ச் சந்தைகளில் காணலாம். ஒரு பகலுக்கு வட்டி சுமார் 11 விழுக்காடு. வங்கி ஏறத்தாழ ஓராண்டுக்குக் கேட்கும் வட்டியை, பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண் ஒரே நாளில் கட்டுகிறார். இதைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் கொண்டுவந்த சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனப் பெயர் சொல்லியே தடை செய்தது. ஆனாலும் வழக்கம் ஒழியவில்லை. அப்பெண்ணை நம்பிக் கடன் தர முறையான நிறுவனம் முன்வராதவரை சட்டத்தால் மட்டும் அது ஒழியாது.

இன்று அந்த நம்பிக்கையை 'சிபில்' மதிப்பெண் அளக்கிறது. 300 முதல் 900 வரையிலான எண் அது. ஏற்கெனவே கடன் வாங்கித் திருப்பியவருக்கு அது பயன்படும். முறையான கடன் எதையும் வாங்கியிராதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அவர் நேர்மையற்றவர் அல்லர். ஏட்டில் இல்லாதவர், அவ்வளவே.

ஏட்டில் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு என்று காட்டியது இதே மதுரை மண். இங்குள்ள தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் இயக்கத்தில், ஏழைப் பெண்கள் மாதந்தோறும் சிறுதொகை சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டனர். ஒருவரையொருவர் அறிந்திருந்ததே ஈடு. அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த, விவசாயக் கூலியாக இருந்த சின்னப்பிள்ளை அவ்வியக்கத்தின் முகமானார். விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவருடைய பாதம் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தது. இத்தகைய சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களுடன் சோதனை முறையில் தொடங்கியது. இன்று அது நாடெங்கும் பரவியிருக்கிறது.

மதிப்பெண் வேண்டாம் என்பதல்ல என் வாதம். முகம் தெரியாத கோடிக்கணக்கானோருக்குக் கடன் வழங்க ஏதேனும் ஓர் அளவுகோல் தேவைதான். ஆனால், எண் இல்லாத இடத்தில் குழுவின் சேமிப்புப் பழக்கமும், அன்றாட வியாபாரத்தின் ஒழுங்கும் சான்றாக ஏற்கப்பட வேண்டும். எங்கள் மளிகைக்கடை நோட்டு ஏற்றுக்கொண்டது அத்தகைய சான்றைத்தான்.