சிறிதும் சின்னதும்

தேவதானத்தில் நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், சாஸ்தா கோயிலுக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக எழுதிய மாணவன் ஒருவன், 'சின்ன ஆறு' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதனை அடித்து, 'சிறிய ஆறு' என்று திருத்தி, அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். "ஐயா, வீட்டிலே சின்னம்மா என்றுதானே கூப்பிடுகிறோம்?" என்றான். வீட்டுப் பேச்சு ஏட்டுக்கு ஆகாது என்று அவனை அமர்த்திவிட்டேன். அவன் வினாவுக்கு உரிய விடையை இன்று கூற விழைகிறேன்.

பவணந்தியார் நன்னூலில் 'சிறுமை' என்னும் பண்புப்பெயரை முதலாகக் கொண்டு, அது பிற சொல்லோடு புணருங்கால் 'மை' கெடும் என்றார். மொழிநூலாரோ, 'சிறு' என்பதே அடி, 'மை' பின்னர்ச் சேர்ந்தது என்பர். பாடம் நடத்த முன்னது எளிது. உண்மைக்குப் பின்னதே அணித்து என்பது என் எண்ணம். எவ்வாறாயினும் திரிபுகள் சுவையானவை. றகரம் இரட்டித்தால் சிற்றூர், முதலெழுத்து நீண்டால் சீறூர், பொருள் ஒன்றே. குற்றாலத்தில் அருவியாய் வீழ்ந்து தாமிரவருணியிற் கலக்கும் சிற்றாறும் இரட்டித்த வகையே. சிற்றப்பன் பேச்சு வழக்கில் சித்தப்பன் ஆனான். கன்னடர் 'சிறிய' என்பதைக் 'கிரிய' என்பர், செவியைக் 'கிவி' என்பது போல. இங்கே ககரமே பழைமையானது. தமிழில் அது சகரமாயிற்று.

பெயருக்கு முன் நிற்குங்கால் இச்சொல் பால் காட்டாது: சிறிய மகன், சிறிய மகள், சிறிய வீடுகள். பயனிலையாயின் சிறியன், சிறியள், சிறியர், சிறிது, சிறியன என ஐம்பாலும் காட்டும். நார்வே மொழியிலோ பெயருக்கு முன்னரே மாற்றம் தொடங்கிவிடும். ஆண்பாலுக்கு லீத்தன், பெண்பாலுக்கு லீத்தா, இரண்டுமல்லாப் பாலுக்கு லீத்தெ, சுட்டிக் கூறும் பொருளாயின் லில்லெ. பன்மைக்கு இவற்றோடு தொடர்பே இல்லாத ஸ்மோ! நம் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இனிச் 'சின்ன'. இராசபாளையத்துத் தெலுங்கு பேசும் இல்லங்களில் அச்சொல்லைக் கேட்டுப் பழகிய நான், அது இரவற் சொல் என்றே முடிவு கட்டியிருந்தேன். இரு மொழியிலும் வழங்குவது ஒன்றே இரவலுக்குச் சான்றாகாது. உடன்பிறந்த மொழிகள் அல்லவா? மேலும், சின்னவன், சின்னவள், சின்னது என அது தமிழ் விகுதிகளைத் தடையின்றி ஏற்கிறது. சின்னசேலம் என்று ஊர்ப்பெயரில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் சிறிய பொருளைச் 'சின்னன்' என்றே சொல்வர். நார்வேயில் குடியேறிய அவர்தம் இல்லங்களில் பிள்ளைகள் சின்னனையும் லீத்தனையும் ஒருங்கே கற்கின்றனர்.

அந்த மாணவனிடம் அன்று குறைத்த அரை மதிப்பெண்ணுக்கு என்னிடம் இலக்கணச் சான்று ஏதும் இல்லை.