கொழும்பின் கட்டளையும் கரவெட்டியின் படலையும்

யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் படலை ஓர் எல்லை. அழைப்பின்றி அதனைத் திறந்து உள்ளே செல்வோர் அரியர். கரவெட்டியின் ஒழுங்கைகளில் நடந்தோர் இதனை நன்கறிவர். கொள்ளைநோயை எதிர்த்து ஓர் அரசு தொடுக்கும் போரின் வெற்றி தோல்வி, ஈற்றில் இந்தப் படலையடியிலேயே முடிவாகின்றது என்பது எமது எண்ணம்.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இராணுவத் தளபதியின் தலைமையில் கோவிட் தடுப்புக்கான தேசியச் செயற்பாட்டு மையம் அமைந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் முதல் நோயாளி இனங்காணப்பட்டதும் அந்நாள்களிலேதான். அரசின் கையிலிருந்த பிரதான சட்டமோ 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். மறிக்கவும் அடைக்கவும் அதற்கு வல்லமை உண்டு; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறியும் கண் அதற்கு இல்லை.

அந்தக் கண் வேறிடத்தில் இருந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, காலப்போக்கில் நாடெங்கும் பரவிற்று. அதன் வழிவந்ததே கரவெட்டிச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மாதும் நெடுங்காலமாக வீடு வீடாகச் சென்று பழகியவர்கள். கர்ப்பிணியையும் குழந்தையையும் பெயர் சொல்லி அழைக்கும் அவர்களுக்குப் படலை தானே திறக்கும். போரின் வடு ஆறாத வடபுலத்தில், சீருடைக்கு அவ்வளவு எளிதாகத் திறக்குமா?

நோயோடு பசியும் வரும் என்பதை 1934-35இன் மலேரியாவே நமக்குக் கற்பித்தது. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகிய அக்காலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கொயினா மட்டும் போதவில்லை, உணவும் வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலிலும் மேயிலும் வழங்கப்பட்ட 5,000 ரூபா, அப்பாடத்தை அரசு முற்றாக மறக்கவில்லை என்பதற்குச் சான்று. ஆனால் அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவனுக்கு அது எத்தனை நாளைக்குப் போதும்?

கேளாத கட்டளை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. தொற்றால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இடந்தந்திருந்தும், இலங்கையில் எரிப்பதே கட்டாயம் ஆக்கப்பட்டது. முஸ்லிம் மக்களின் கண்ணீருக்குப் பின், 2021 பெப்ரவரியிலேயே அது தளர்ந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நன்றே, ஆயினும் எரிந்த உடல் மண்ணுக்கு மீளுமா?

ஆகவே, நாட்டுக்கு ஒரு தலைமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. மருந்தும் பணமும் விமான நிலையத்து வாயிலும் கொழும்பின் பொறுப்பே. ஆனால் ஒருங்கிணைப்பு என்பது மேலிருந்து கீழே கட்டளை இறங்குவது மட்டுமன்று. கீழிருந்து மேலே செய்தி ஏறுவதும் ஆகும். கட்டளை படலைவரை வந்து சேரும். அதற்கப்பால் அதனை அழைத்துச் செல்வது நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கையை நோய் வந்த பின் தேட முடியாது; நோயில்லாத நாள்களிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.