பழைய யந்திரத்துக்கு ஒரு பரீட்சை

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலட்டின் காலத்தில், திருவொற்றியூரையொட்டி நெசவாளர்கள் குடியமர்த்தப்பட்டதனால் உண்டான ஊர் காலடிப்பேட்டை. அந்நாளில் தறியிலிருந்து இறங்கிய துணி கம்பெனியின் கிடங்குக்குப் போனால், அங்கே அதை மாதிரித் துணியோடு வைத்து ஒப்பிட்டுத் தரம் பிரித்த பிறகே விலை நிர்ணயமாகும். கம்பெனியாரின் வியாபாரத்தில் அநியாயங்கள் மலிந்திருந்தன என்பது வாஸ்தவமே; ஆயினும், எல்லாத் துணியையும் ஒரே மாதிரியோடு ஒரே முறையில் ஒப்பிட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு மட்டும் சாஸ்திர சம்மதமானது. இன்று இவ்வூர் வீடுகளின் மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய மேசைக் கணினிகளுக்கும் அந்த ஒரு மரியாதையையாவது நாம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து, சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட யந்திரங்கள் அவை. பெரும்பாலும் இன்டெல் கோர் 2 டுயோ பிராசசரும், ஜி41 சிப்செட்டும் உள்ளவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்ற ஒரே தீர்ப்பின் பேரில் இவை காயலான் கடைக்குப் போகின்றன. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை ஆட்டோகேடில் வரைந்த படத்தைத் திருப்பினால் திரை தயங்குகிறது என்பது உண்மைதான். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் எது என்பதை அளந்து பார்த்தவர்கள் அபூர்வம்.

அளப்பதற்குக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸில் மூன்று வண்ணப் பற்சக்கரங்களைச் சுழற்றிக் காட்டும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சிறு நிரலைப் பலர் ஓட்டிப் பார்த்து, 60 என்ற எண் வந்ததும் அதையே யந்திரத்தின் சக்தியாகக் கொண்டுவிடுகிறார்கள். அது மானிட்டர் ஒரு வினாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கு ஏற்ப வி-சிங்க் போட்ட கடிவாளமேயன்றி, கிராஃபிக்ஸின் எல்லை அன்று. கடிவாளத்தை அவிழ்த்துவிட்டு, ஜிஎல்மார்க்2 போன்ற சோதனையைப் பல காட்சிகளோடு ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் ஹார்டு டிஸ்கிலிருந்து கோப்புகளை எடுக்கும் தாமதமும் கலந்துவிடுமாதலால் அதைக் கணக்கில் சேர்க்கலாகாது.

சராசரி என்பது மிகவும் வஞ்சகமான எண். ஒரு வினாடியின் முதற்பாதியில் 59 படங்கள் விரைந்தோடி, மறுபாதி முழுவதும் ஒரே படம் உறைந்து நின்றாலும் வினாடிக்கு 60 என்றே கணக்கு வரும். பார்ப்பவன் கண்ணோ அந்த உறைவை மட்டுமே காணும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லிவினாடி பிடித்தது என்று பார்ப்பதே உசிதம். திரையின் அளவை முதலில் சிறியதாகவும் பின்பு பெரியதாகவும் வைத்து ஓட்டும்போது, வேகம் மாறாவிட்டால் பிராசசர்தான் தடை என்றும், பெரிய அளவில் வேகம் சரிந்தால் கிராஃபிக்ஸே தடை என்றும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

எண்களை நம்பவைக்கப் பெரிய கம்பெனிகளே தந்திரம் செய்ததுண்டு. 2001-இல் ஏடிஐ கம்பெனியின் ரேடியான் 8500 கிராஃபிக்ஸ் கார்டை ஆராய்ந்தவர்கள், குவேக் 3 விளையாட்டின் கோப்பில் இருந்த பெயரைக் குவாக் என்று மாற்றியதும், வேகம் குறைந்து படம் தெளிவடைந்ததைக் கண்டார்கள். பெயரைக் கண்டு படத்தின் நேர்த்தியைக் குறைத்து வேகத்தைக் கூட்டும்படி டிரைவர் எழுதப்பட்டிருந்தது. ஆகையால் எண்ணோடு படத்தையும் பார்ப்பது பரீட்சகனின் கடமை.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு சத்துருக்கள் உண்டு: கடற்காற்றின் உப்பும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும். விசிறியும் ஹீட்சிங்கும் தூசியால் அடைபட்டு, பிராசசரின் உஷ்ணம் வரம்பைத் தொட்டால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்து நடுப்பகலில் எடுத்த எண்ணை மார்கழி விடியலில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது எப்படித் தகும்? தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்தபடி, ரேமைப் பாருங்கள். ஜி41-இன் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் பொதுவாக இராது. பிரதான ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டிடிஆர்2-800 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு அதிகபட்சம் 6.4 ஜிகாபைட் பாயும். அதன் ஜோடியையும் முறைப்படி செருகினால் பாதை இரட்டிப்பாகி 12.8 ஆகும். சொற்பச் செலவில் கிட்டும் இந்த லாபத்தைச் சோதித்துப் பாராமலே யந்திரத்தைக் கைவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அதற்கும் பலன் இல்லையென்றால், காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று தேடலாம். பழைய கார்டின் பயாஸை மாற்றியெழுதிப் புதிய மாடலாகக் காட்டும் மோசடி உலகெங்கும் பரவியதால், 2018-இல் ஜிபியு-இசட் மென்பொருளில் போலியைக் கண்டுபிடிக்கும் வசதியே சேர்க்கப்பட்டது. பெயர் பொய் சொன்னாலும் வேகம் சொல்லாது. கடையிலேயே பத்து நிமிஷம் சோதனையை ஓட்டிக் காட்டும்படி கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.