குட்டி எஞ்சினுக்குப் பெயர் எழுதுவது எப்படி?

அமெரிக்காவின் எஸ்டி40-2 டீசல் எஞ்சின் ஏறக்குறைய 21 மீட்டர் நீளம். மாதிரி ரயில்களின் எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், அது 24 சென்டிமீட்டர்தான். அதன்மேல் எண்ணையும் பெயரையும் தூரிகையால் எழுத எத்தனை பேருக்குக் கை வரும்? எழுத்து அச்சிட்ட மெல்லிய படலத்தைத் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டீக்கல்தான் கைகொடுக்கிறது.

ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் அவசியம் நேயர்களே! சொரசொரப்பான பெயிண்ட் என்றால் அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கதவுக் கீல், ரிவெட் மேடுகளில் மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் படலம் சுருங்கும். பதறிப்போய்த் தொடாதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும். பிறகு பளபளப்பை அடக்க மேட் வார்னிஷ். கடைசியாகப் புகைபோக்கியைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்புப் பொடியைத் தேய்த்தால், பல்லாயிரம் மைல் ஓடிய எஞ்சின் தயார்.